வந்தவாசிக்காரர் முகம்

"கொக்கு எறங்கி வருது பாரு" என்பார் இன்னாசிமுத்து, டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்காமலே. திரும்பிப் பார்த்தால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்துகொண்டிருப்பார். ஒரு காலைத் தூக்கிவிட்டு அதை எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசிப்பார். கொக்கேதான். அதற்கப்புறம் அந்தக் குமாஸ்தாவை வேறு எதுவாகவும் பார்க்க நம்மால் முடியாது.

ஆரணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அந்த டீக்கடை பெஞ்சில் காலை ஆறரை மணிக்கு இன்னாசிமுத்து வந்து உட்கார்ந்தால், தெருவில் போகிறவர்கள் எல்லாம் மனிதர்களாக இருப்பதை விட்டுவிடுவார்கள். ஜரிகைக் கடைக்காரர் சைக்கிளில் வரும்போது தவளை. அரிசி மண்டி முதலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தால் கீரி. புதிதாக வந்திருக்கும் பாங்க் மேனேஜர் இன்னும் முடிவாகவில்லை. "நடக்கிறது ஆமை, திரும்பறது அணிலு. ஒரு ஆளுக்குள்ள ரெண்டு பூந்துகினா பேஜார்தான்" என்று அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்.

இதில் கேலி இருப்பதாக நினைத்தால் அவருக்குக் கோபம் வரும். "திட்டறதுக்கு எத்தினி வச்சிகினு இருக்கோம், எண்ணிப் பாருங்க. நாயி, பன்னி, எரும, கழுத, கொரங்கு. இதுங்க எல்லாம் நம்ம கூடவே கெடந்து கஷ்டப்படறதுங்க. ஒருத்தன ஒசத்திப் பேசணும்னா மட்டும் சிங்கம்! சிங்கத்த ஆரணியில யாரு பாத்துகிறாங்க? அது நமக்கு இன்னா செஞ்சிச்சு?"

தொழில் பட்டுக்குச் சாயம் போடுவது. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை, அதில் இரண்டு பெரிய செம்புத் தவலைகள், புகைந்துகொண்டே இருக்கும் விறகடுப்பு. கொதிக்கும் சாயத்தில் பட்டு நூல் கழிகளைக் கோலில் மாட்டி முக்கிப் புரட்டிப் புரட்டி எடுப்பார். அந்தத் தொழிலிலும் பாதி பறவையும் மிருகமும்தான். கிளிப்பச்சை, மயில்கழுத்து, மான் கலர், குயில் கறுப்பு என்றுதான் முதலாளிகள் சொல்லி அனுப்புவார்கள். "மயிலுகழுத்துன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. கழுத்துல எந்த எடம்? மேல நீலம் ஓடுது, கீழ பச்ச ஓடுது, அது திரும்பிச்சுன்னா ரெண்டும் போயி கறுப்பாவுது. கேட்டா முழிக்கிறாங்க" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அவர் போட்டுக் கொடுக்கும் மயில்கழுத்தை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

அவர் கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகக்கண்ணில் போன வாரத்துச் சாயம் இருக்கும், ரேகைகளில் நேற்றையது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் கைகூப்பி நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் ஓரக்கண்ணால் பார்த்து, இந்தக் கல்யாண சீசனில் ஆரணியில் எந்தக் கலர் ஓடுகிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் அந்தக் கைகளுக்கு இன்னொரு வேலை. மாதா கோயிலில் கிறிஸ்துமஸுக்குப் போடும் குடிலுக்கு மாடு, கழுதை, ஆடு, ஒட்டகம் எல்லாம் அவர்தான் செய்து தருவார். மாதாவும் சூசையப்பரும் குழந்தை இயேசுவும் எப்போதோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வரவழைத்த சொரூபங்கள். மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றோடு வந்த மிருகங்கள் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கரைந்துபோக, அன்றைக்குக் கோயிலுக்கு வெள்ளையடிக்க ஒத்தாசைக்குப் போயிருந்த இன்னாசிமுத்து, "நான் செஞ்சி பாக்கட்டுமா, சாமி?" என்று கேட்டார். அதிலிருந்து அது அவர் பொறுப்பு.

பழைய பேப்பரை ஊறவைத்து இடித்து, வெந்தய மாவும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து, மூங்கில் பத்தையில் கட்டிய வைக்கோல் உடம்பின்மேல் அப்புவார். காய்ந்ததும் சாயக் கொட்டகையில் மிச்சமாகும் தூளைக் கரைத்துப் பூசுவார். மாதாவுக்குச் சீமை முகம். மிருகங்கள் எல்லாம் உள்ளூர். ஆடு என்றால் வெள்ளாடுதான், அதுவும் சுவரொட்டியைத் தின்கிற ஆட்டின் முகத்தோடு. மாட்டுக்குக் கொம்பில் பொங்கல் வர்ணம் உண்டு. ஒட்டகத்தை வேலூருக்கு வந்த சர்க்கஸில் பார்த்திருந்தார். நான்கு காலில் நிற்க வைத்தபோதெல்லாம் சாய்ந்துவிட்டதால் அது வருஷா வருஷம் மண்டியிட்டே, குழந்தையைப் பார்க்க வரும் ராசாக்களைச் சுமக்கும். பட்டுப் புடவைக் கரையில் அன்னமும் யாளியும் நெய்கிறவர்களைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பொறாமை. "அன்னத்த எவன் பாத்தான்? யாளிக்கு எத்தினி பல்லுன்னு எவன் வந்து எண்ணப் போறான்? நான் செய்யறது கழுத. தெனம் பாக்கறாங்க. காது ஒரு விரக்கடை தப்பிச்சுன்னா சின்னப் பையன் சிரிக்கிறான்" என்பார்.

மனிதர்களை மிருகமாகப் பார்க்கும் இந்தக் குணத்தால் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது.

மகள் ஜெபராணி கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் தையல் டீச்சர். அமைதியான, சட்டென்று சிரித்துவிடுகிற பெண். எழுபத்தேழில் போளூர்ப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. எல்லாம் பேசி முடிந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்று வேட்டியை உதறியபோது, இன்னாசிமுத்து மனம் நிறைந்து, "அண்ணன் நிக்கிறது அப்படியே வான்கோழி மாதிரி இன்னா கம்பீரமா கீது!" என்று சொல்லிவிட்டார். அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். வான்கோழி தோகையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். தாய்மாமன் பார்த்ததில்லை போலிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப்போனவர் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு அவர் மனைவி சூசைமேரி அவரை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "இனிமே சம்மந்தம் பேச வர்றவங்க முன்னாடி ஒரு மிருகம் பேரு, ஒரு பட்சி பேரு ஒன் வாயில வரக்கூடாது. சத்தியம் பண்ணு." பச்சைச் சாயம் ஒட்டிய கையை நீட்டி அவர் சத்தியம் பண்ணிக் கொடுத்தார்.

எழுபத்தொன்பது நவம்பரில் வந்தவாசியிலிருந்து அடுத்த இடம் வந்தது. மாப்பிள்ளை மின்சார வாரியத்தில் வேலை. அவருடைய அப்பா யோவான் போஸ்ட் மாஸ்டர். நெடிய மனிதர், நீண்ட முகம், தொங்கும் கீழுதடு, பாதி மூடிய கனத்த இமைகள், நெற்றியில் வந்து விழும் ஒரு கொத்து முடி. உட்கார்ந்தது முதல் எழுந்தது வரைக்கும் நான்கைந்து வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. அவருக்கு எதிர் நாற்காலியில் இன்னாசிமுத்து. கேசரி வந்தது, காபி வந்தது, ஜெபராணி வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். இன்னாசிமுத்துவுக்குக் கேசரியும் தெரியவில்லை, காபியும் தெரியவில்லை. எதிரே இருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டை வரைக்கும் வந்த ஒரு வார்த்தையை எச்சிலோடு விழுங்கி விழுங்கிக் கீழே அனுப்பினார். பின்னால் கதவோரம் நின்றிருந்த சூசைமேரி, அவர் முதுகு விறைப்பதைப் பார்த்து ஜெபமாலையை உருட்டினாள்.

மூன்றாம் நாள் தரகர் வந்து சொன்னார். "பொண்ணு புடிச்சுப்போச்சுங்க. அதவிட ஒங்களத்தான் அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. பொண்ணோட அப்பா கண்ணியமானவரு, வாயே தொறக்கலன்னு வழிநெடுக சொல்லிகினே போனாராம்."

அன்று இரவு சூசைமேரி வீட்டில் பாயசம் வைத்தாள். ஜெபராணி பாத்திரம் கழுவும்போது பாடினாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்தப் பையனும் அவளும் கொல்லையில் கிணற்றோரம் நின்று கொஞ்சநேரம் பேசியிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் வந்தவாசி பஸ் போகும் சத்தம் கேட்டால் அவள் ஊசி நூல் கோப்பதை நிறுத்துவாள்.

டிசம்பரில் இன்னாசிமுத்து கழுதை செய்தார். பழைய கழுதையின் தலையை எலி கடித்துவிட்டிருந்தது. நாகநதியில் பட்டை அலசப் போகும்போதெல்லாம் துணி வெளுக்கும் வேடியப்பனின் கழுதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கொஞ்சம் இப்படித் திருப்பி நிறுத்து வேடி" என்பார். வேடியப்பனுக்குப் பெருமை. "எங்க கழுத கோயிலுக்குள்ள போவப்போவுது" என்று கரையில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். இன்னாசிமுத்து காலையும் வயிற்றையும் வாலையும் பார்த்துக்கொண்டார். முகத்தை மட்டும் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல், சீட்டியடித்துக்கொண்டே செய்தார். கை அதுபாட்டுக்கு ஓடியது. இவ்வளவு சுளுவாக ஒரு முகம் அவருக்கு எப்போதும் வந்ததில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ஊர் ஜனமெல்லாம் குடில் பார்க்க வந்தது. வேடியப்பனும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான்.

"இது எங்க கழுத இல்லீங்க" என்றான்.

"ஒன்னோடதுதான் வேடி. கால பாரு, வயித்த பாரு."

"காலு நம்மளுதுதான். மூஞ்சி நம்மளுது இல்ல. இந்த மூஞ்சிய நான் எங்கியோ பாத்துகிறேன். பஸ்ஸ விட்டு எறங்கி ஒங்க ஊட்டுக்கு வழி கேட்டாரே ஒருத்தரு..."

சூசைமேரி அப்போதுதான் மெழுகுவர்த்தியோடு வந்துகொண்டிருந்தாள். பேச்சைக் கேட்டுக்கொண்டே அவளும் எட்டிப் பார்த்தாள். நீண்ட முகம், தொங்கும் கீழுதடு, பாதி மூடிய கனத்த இமை, நெற்றியில் ஒரு கொத்து முடி.

"ஐயோ, மாதாவே" என்றாள். மெழுகுவர்த்தி கையிலிருந்து விழுந்தது. "அடப்பாவி மனுசா! வந்தவாசிக்காரரு!"

இன்னாசிமுத்து பார்த்தார். சத்தியமாக அதுவரை அவருக்குத் தெரியாது. தான் செய்த முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றைக்கு எச்சிலோடு விழுங்கிய வார்த்தை, வைக்கோல்மேல் நான்கு காலில் நின்றுகொண்டு குழந்தை இயேசுவைக் கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் வாயத் தொறக்கலியே மேரி" என்றார் பரிதாபமாக.

"வாயத் தொறந்திருந்தா ஒரு வார்த்தையோட போயிருக்கும்! இப்ப ஊரே வந்து மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவுது!"

அடுத்த நாளே தரகர் வந்து சொன்னார். புது வருஷத்தன்று வந்தவாசியிலிருந்து எல்லோரும் வருகிறார்களாம். காலையில் ஆரணிக் கோயிலிலேயே பூசை பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்து தட்டு மாற்றிக்கொள்வார்களாம்.

அந்த வாரம் இன்னாசிமுத்து பட்ட பாட்டைத் தெருவே பார்த்தது. காரணம் மட்டும் வேடியப்பனைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. முதலில் சாமியாரிடம் போய்க் கழுதையை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "கழுதை இல்லாமல் மாதா எப்படி பெத்லகேமுக்கு வந்தாங்களாம்? பஸ்ஸிலா?" என்றார் சாமியார். திருநெல்வேலிக்காரர், வேடிக்கையாகப் பேசுவார், விட்டுக்கொடுக்க மாட்டார். வேறு தலை செய்து மாட்டலாம் என்றால் மார்கழிப் பனியில் காகிதக் கூழ் ஒரு வாரத்துக்குள் காயாது. அடுப்பருகே வைத்துப் பார்த்த ஒரு தலை வெடித்துப் போனது.

கோயிலில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் ஜெபராணியையும் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு விஷயம் தெரியும். அம்மா சொன்னபோது அவள் முதலில் அழுதாள், கழுதையை நேரில் பார்த்ததும் சிரித்துவிட்டாள், சிரித்ததற்காக மறுபடியும் அழுதாள். இப்போது கையில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"நைனா, காதக் கொறச்சிட்டா வேற மாதிரி ஆயிடும்."

குறைத்தார். இரண்டு காதும் பாதியானதும் இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். காதுதான் அதுவரைக்கும் அதைக் கழுதையாக வைத்திருந்தது. காது போனதும் முழு யோவான் வந்துவிட்டார்.

"இன்னும் மோசமாப் பூட்சே" என்றார் இன்னாசிமுத்து.

"ஒரு கண்ணாடி போட்டா தபால் குடுப்பாரு நைனா" என்றாள் ஜெபராணி. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் அழுகைதான். "எனக்கு அந்த எடந்தான் வேணும் நைனா" என்றாள். அப்படி வாய்விட்டு எதையும் கேட்கிற பெண் இல்லை அவள். இன்னாசிமுத்து அவள் தலையைத் தடவினார். கையில் இருந்த நீலம் அவள் வகிட்டில் ஒட்டியது.

கடைசியாகக் கழுதையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை சாமியார் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னாசி, பிறந்த குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற கழுதையை நான் எந்த ஊர்க் குடிலிலும் பார்த்ததில்லை." கழுதை மறுபடியும் முகத்தைக் காட்டியது.

புது வருஷப் பிறப்பன்று வந்தவாசிக்காரர்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். யோவான், அவர் மனைவி மதலேனம்மாள், மாப்பிள்ளை. கூடவே தட்டுக்கு வேண்டிய வாழைப்பழமும் வெற்றிலைபாக்கும் தேங்காயும் நிறைந்த ஒரு பெரிய பிரம்புக் கூடை. பூசை முடிகிற வரைக்கும் இன்னாசிமுத்துவுக்குச் சாமியார் சொன்ன ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அல்லேலூயா பாட எல்லோரும் எழுந்தபோது அவர் மண்டியிட்டார்.

பூசை முடிந்ததும் சூசைமேரி முந்திக்கொண்டாள். "ஜல்தி வாங்க, வீட்டுக்குப் போயிடலாம். இட்லி ஆறிப்போவுது. இந்தப் பக்க வாசலு கிட்டக்க."

"ஆறினா ஆறட்டும் சம்மந்தி. குடில் பாக்காம போலாமா? வருசத்துக்கு ஒருவாட்டி" என்று மதலேனம்மாள் அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனாள்.

பனைஓலைக் கூரைக்குக் கீழே சீரியல் பல்புகள் எரிந்து எரிந்து அணைந்தன. எல்லோரும் மூங்கில் தடுப்பின் முன் வரிசையாக நின்றார்கள். மதலேனம்மாள் குழந்தை இயேசுவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை கழுதையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், சட்டென்று மேலே ஓலைக் கூரையைப் பார்த்தான். ஜெபராணி அவன் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

யோவான் தடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தார். நெற்றியில் முடிக்கொத்து வந்து விழுந்தது. எதிரே கழுதை அதே மாதிரி குனிந்திருந்தது. இரண்டு முகத்துக்கும் நடுவில் இரண்டு முழ இடைவெளி இருக்கும். அவர் அசையவில்லை. பல்புகள் எரிந்தன, அணைந்தன.

"இதுங்கள யாரு செஞ்சது?" என்றார் யோவான், நிமிராமலே.

"யாரோ வெளியூரு ஆளு..." என்று சூசைமேரி ஆரம்பித்தாள்.

"எங்க நைனாதான்" என்றாள் ஜெபராணி.

பின்னால் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன, யாரோ நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். யோவான் மெல்ல நிமிர்ந்து இன்னாசிமுத்துவைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மறுபடியும் குடிலைப் பார்த்தார்.

"மாட்ட தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"எந்த... மாடுங்க?"

"இத்தான்." யோவான் நீளமான விரலை நீட்டினார். "இது நீங்கதான?"

எல்லோரும் மாட்டைப் பார்த்தார்கள். சூசைமேரியும் பார்த்தாள். ஒரு வாரமாக அவள் கழுதையைத் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை. அகன்ற நெற்றி, தள்ளித் தள்ளி இரண்டு கண், அதில் இடது இமை கொஞ்சம் சரிந்திருந்தது. ஈரப் பட்டைச் சுமந்து சுமந்து தோளுக்குள் புதைந்துபோன கழுத்து. ஏதோ தப்பு செய்துவிட்டு அடி வாங்கக் காத்திருக்கிற பார்வை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய முகம் பொங்கல் வர்ணக் கொம்போடு அவளைப் பார்த்தது.

முதலில் சிரித்தது அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, தூணில் சாய்ந்து சிரித்தாள். ஜெபராணிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டான், அவன் சிரிப்பில் கொஞ்சம் விடுதலையும் இருந்தது. இன்னாசிமுத்து மட்டும் வாயைப் பிளந்துகொண்டு மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பக்கத்துல நிக்கிறவரு?" என்றாள் மதலேனம்மாள். பிறகு அவளுக்கும் தெரிந்துவிட்டது. "ஏங்க..." என்று புருஷனைப் பார்த்தாள்.

"தெரியுது, தெரியுது" என்றார் யோவான். தொங்கும் கீழுதடு மெதுவாக ஒரு பக்கம் விரிந்தது. அவர் சிரிப்பதை மகனே அதிகம் பார்த்ததில்லை. "காதுதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு. பரவால்ல. போஸ்ட் ஆபீஸ்ல எனக்குப் பின்னாடி பசங்க ஒட்டகம் ஒட்டகம்னு சொல்லிகினு இருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அதுக்கு இது எவ்வளவோ தேவல."

"ஒட்டகம் இல்லீங்க!" என்றார் இன்னாசிமுத்து. சூசைமேரி பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கிள்ளினாள். அவருக்கு உறைக்கவே இல்லை. ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. "ஒட்டகத்துக்குக் கழுத்து வளைவு வேற, சம்மந்தி. அது ஆளக் கீழ பாக்கும், ஒரு மாதிரி எளக்காரமா. நீங்க அன்னிக்கு எங்க ஊட்ல ஒக்காந்து எம்பொண்ணப் பாத்தீங்களே, அந்தப் பார்வ ஒட்டகத்துக்கு வராது. ஜென்மத்துக்கும் வராது. அத்த சொன்ன பசங்களுக்குக் கண்ணு சரியில்ல."

யோவான் அவர் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பேசுவீங்களா நீங்க?" என்றார்.

"பேசுவாருங்க" என்றாள் சூசைமேரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாங்கதான் சத்தியம் வாங்கி வச்சிருந்தோம்."

"நல்லவேளை" என்றார் யோவான். "ரெண்டு ஊமையும் சம்மந்தியானா பண்டிகையில யாரு பேசறதுன்னு எங்க வீட்ல கவலைப்பட்டுகினு இருந்தாங்க."

மதலேனம்மாள் ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வகிட்டில் ஒரு சின்ன நீலத் திட்டு இருப்பதைப் பார்த்து, "இது இன்னாம்மா?" என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. "எங்க நைனா கலருங்க. போவாது" என்றாள் ஜெபராணி. பெண்கள் மூவரும் முன்னால் நடந்தார்கள். மாப்பிள்ளை எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நண்டுபோல ஒரு பக்கமாகப் போனான்.

கோயில் வாசலில் பிரம்புக் கூடை இருந்தது. சம்பந்தி வீட்டார் தூக்கக் கூடாது என்று இன்னாசிமுத்து ஓடிப்போய் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். யோவானும் குனிந்து இன்னொரு கைப்பிடியைப் பிடித்தார்.

"விடுங்க சம்மந்தி, நான் தூக்கறேன்."

"நீங்க விடுங்க."

இரண்டு பேரும் விடவில்லை. நடுவில் கூடை ஆட, குட்டையான இன்னாசிமுத்து தன் பக்கம் சாய்ந்த தேங்காயை மாடு மாதிரி தலையால் முட்டிச் சரிசெய்ய, ஒருவர் காலுக்கு ஒருவர் கால் வைத்து, குடிலில் நின்ற ஜோடியாகவே இருவரும் தெருவில் இறங்கினார்கள்.